அட்டையின் பின்புறத்தில் ஓர் அரச முத்திரை

 

நம் கடற்கரை ஊர்களில் பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும், பித்தளைப் பூண் போட்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் பத்திரக் கட்டுகளுக்கும் கப்பல் சீட்டுகளுக்கும் இடையே தடித்த அட்டையில் ஒட்டிய புகைப்படம் ஒன்றாவது கிடக்கும். கொழும்பிலோ, பினாங்கிலோ, சிங்கப்பூரிலோ, ரங்கூனிலோ எடுத்தது. படத்தில் இருப்பவர் யார் என்பது வீட்டிலுள்ளவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிரீடம், கேடயம், சிங்கம், கொடி, சுருள் பட்டை என்று ஒரு சின்னம் அச்சாகியிருக்கும். 'இது நம் குடும்பத்துச் சின்னம்' என்று யாரேனும் ஒருவர் சொல்லியிருப்பார். அவர் சொன்னது மூன்று தலைமுறையில் வரலாறாகியிருக்கும்.

இத்திங்கள் அத்தகைய ஒரு சின்னத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அது ஒரு வீட்டில் செய்த வேலையையும் சொல்ல வேண்டியுள்ளது. உரியவரின் இசைவு பெற்றே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், அவ்வாறே விடுகிறேன்.

ஒரு துணிப் பொட்டலம்

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் வந்தார். வயது எழுபத்தெட்டு. அவருடைய பேரப்பிள்ளைகள் என்னிடம் ஓதியவர்கள். கையில் பச்சைத் துணியில் சுற்றிய பொட்டலம். அவிழ்த்தார். உள்ளே உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய அட்டைப்படம் ஒன்று இருந்தது.

"ஆலிம்சா, நீங்கள் காலேஜில் சரித்திரம் படித்தவர்கள். இந்த முத்திரை எந்த சுல்தானுடையது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வாசல் கேட்டில் செதுக்கச் சொல்லியிருக்கிறேன். பேத்தியின் நிக்காஹ் பத்திரிகையிலும் போட வேண்டும். பெயர் தப்பாகிவிடக் கூடாது" என்றார்.

படத்தில் இருந்தவர் அவருடைய பூட்டனார். அவர் மலாய் நாட்டில் சுல்தான் ஒருவரின் அவையில் பெரிய உத்தியோகம் பார்த்தார் என்றும், சுல்தான் மகிழ்ந்து தம் முத்திரையைப் பொறித்துக் கொடுத்தார் என்றும் அவ்வீட்டில் சொல்லிவந்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்று இரண்டு. ஒன்று, கேடயத்தின் ஒரு மூலையில் குறுக்காக வைத்த இரண்டு மலாய்க் குத்துவாள்கள். 'கிரிஸ்' என்று மலாய் மக்கள் சொல்லும் வளைந்த வாள்கள் அவை. மற்றொன்று, சின்னத்தின் கீழே ஆங்கில எழுத்தில் தெளிவாகத் தெரிந்த 'கிங்' என்னும் சொல்.

பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார். பேத்திக்கு முந்தைய ஆண்டு ஒரு சம்பந்தம் வந்ததாம். பையன் படித்தவன், நல்ல வேலை, குணத்தில் குறை சொல்ல இடமில்லை. பையனின் வாப்பா தையற்கடை வைத்திருப்பவர். "முத்திரை உள்ள வீடு, ஆலிம்சா. எப்படிக் கொடுப்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் சிறிதும் தயக்கம் இல்லை.

ஆக, நான் கையில் வாங்கியது ஓர் அட்டையை மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

அட்டைக்கு இரு முகங்கள்

முதலில் இவ்வகை அட்டைப் படங்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 1854-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் திஸ்தேரி என்னும் புகைப்படக்காரர் ஒரு புதுமுறைக்கு உரிமம் பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுத்து, வெட்டி, அட்டையில் ஒட்டும் முறை அது. அதனால் விலை குறைந்தது. பிரபுக்களும் செல்வர்களும் மட்டுமே தம் உருவைப் பதித்துக்கொள்ள முடிந்த நிலை மாறிற்று. கடைக்காரரும் எழுத்தரும் கப்பலோட்டியும் படம் எடுத்துக்கொண்டனர். அட்டையின் அளவு ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். சந்திப்புச் சீட்டின் அளவை ஒட்டியிருந்ததால் பிரெஞ்சு மொழியில் 'கார்ட் தெ விசித்' என்றனர். 1860-களின் நடுவில் பெரிய அட்டை வந்தது. அதன் அளவு ஏறத்தாழ பதினொன்றுக்குப் பதினாறரை சென்டிமீட்டர். அதற்கு 'கேபினெட்' என்று பெயர். பெரியவர் கொண்டுவந்தது இந்த இரண்டாம் வகை.

அட்டையின் முன்முகம் படம் எடுத்துக்கொண்டவருக்குரியது. பின்முகமோ படம் எடுத்தவருக்குரியது! இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தொடக்கத்தில் நிலையத்தின் பெயரும் முகவரியும் மட்டும் சிறிய எழுத்தில் இருந்தன. போட்டி பெருகவே, 1880-களிலும் 1890-களிலும் பின்புறம் முழுவதும் பூவேலையும் பதக்கங்களும் முத்திரைகளுமாக நிறைந்தது. கடையின் பெயர்ப்பலகையை மடித்துக் கைக்குள் கொடுத்தாற்போன்ற விளம்பரம் அது. நிலையங்கள் பல இவ்வட்டைகளை ஐரோப்பாவில் அச்சிட்டே வரவழைத்தன. அடியில் மிக நுண்ணிய எழுத்தில் 'வியன்னா' போன்ற ஊர்ப்பெயர் காணப்பட்டால், அது அட்டையை அச்சிட்டவரின் ஊர். படம் எடுத்த ஊரன்று.

சின்னம் எத்தனை வகை?

ஐரோப்பியக் குடும்பச் சின்னங்களின் முறையும் நமக்குச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். 'கிரெஸ்ட்' என்னும் சொல்லை முழுச் சின்னத்துக்கும் வழங்குவது பொதுவழக்கம். உண்மையில் அது ஓர் உறுப்பின் பெயரே. நடுவில் இருப்பது கேடயம். அதன் மேல் தலைக்கவசம். தலைக்கவசத்தின் மேல் முறுக்கிய துணிச்சுருள். அச்சுருளின் மேல் நிற்கும் விலங்கோ, கையோ, பறவையோதான் கிரெஸ்ட். கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்பவை தாங்கிகள். சுருள் பட்டையில் எழுதப்படுவது குறிக்கோள் வாசகம். அக்காலத்துச் செல்வக் குடும்பங்கள் கடிதத்தாளிலும் வெள்ளிக் கரண்டியிலும் கிரெஸ்டை மட்டும் தனியே பொறித்துக்கொள்வதுண்டு. அதனால் அப்பெயர் பரவிற்று.

இங்கிலாந்தில் இச்சின்னங்களைப் பதிவு செய்யும் அமைப்பு 1484-ல் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் சாசனத்தால் நிறுவப்பட்டது. லண்டனில் இன்றும் உள்ளது. ஸ்காட்லாந்துக்கு லார்டு லயன் நீதிமன்றம் என்று தனி அமைப்பு உண்டு. இவர்களின் விதியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சின்னம் ஒரு குடும்பப் பெயருக்கு வழங்கப்படுவதில்லை. ஒரு மனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய நேர் வழித்தோன்றல்களுக்குச் செல்கிறது. அதே பெயர் தாங்கிய மற்றவருக்கு அதில் உரிமையில்லை. 'உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்' என்று கடைகளில் விற்பதை அந்நாட்டு அறிஞர்களே ஏற்பதில்லை.

ஒரு கிரெஸ்டைப் பார்த்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க விரும்புவோர்க்கு ஜேம்ஸ் ஃபேர்பேர்ன் என்பவர் தொகுத்த பெருநூல் உதவுகிறது. 1859-ல் வெளிவந்து பலமுறை விரிவாக்கப்பட்ட நூல் அது. அதைப் புரட்டினால் தெரிவது, ஒரே சிங்கத் தலையைப் பல குடும்பங்கள் தாங்கியிருப்பதே. எனவே விலங்கை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது. குறிக்கோள் வாசகம், துணிச்சுருள், விலங்கு கையில் பற்றியிருப்பது, கழுத்திலுள்ள கிரீடம் என அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வார்ப்பூட்டு உள்ள வட்டப் பட்டைக்குள் சின்னம் இருந்தால், அது பெரும்பாலும் ஸ்காட்லாந்துக் குலத்தலைவரின் சின்னம். குலத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு அடையாளமாக அதை அணிவர். அணிந்தவரின் சொந்தச் சின்னம் அதுவன்று.

ஐந்து கேள்விகள்

உங்கள் கையிலும் இத்தகைய அட்டை இருந்தால், இவ்வைந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: சின்னம் அட்டையோடு சேர்த்து அச்சிடப்பட்டதா, அன்றிப் பின்னர் முத்திரையாகக் குத்தப்பட்டதா? நிலையத்தின் பெயரும் சின்னமும் ஒரே மையில், ஒரே ஒழுங்கில், நடுக்கோட்டில் அமைந்திருந்தால் அது நிலையத்தின் உடைமை. வேறு மையில் சாய்வாகக் குத்தியிருந்தாலோ, தனித்தாளில் வெட்டி ஒட்டியிருந்தாலோ மட்டுமே படத்தின் உரிமையாளரை நினைக்க இடமுண்டு. 1860-களில் பிறர் கடிதத்தாளிலிருந்து சின்னங்களை வெட்டி ஒட்டிச் சேர்ப்பது இங்கிலாந்தில் ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது: தாங்கிகள் யாவை? ஒருபுறம் முடிசூடிய சிங்கமும் மறுபுறம் ஒற்றைக் கொம்புக் குதிரையும் நின்றால் அது பிரிட்டிஷ் அரச சின்னம். மூன்று தீக்கோழி இறகுகளும் 'இக் தீன்' என்னும் வாசகமும் இருந்தால் வேல்ஸ் இளவரசரின் சின்னம். 'நான் பணி செய்கிறேன்' என்பது அதன் பொருள். அரண்மனைக்குப் படம் எடுத்த நிலையங்கள் இவற்றை அச்சிட்டுக்கொண்டன. உரிமை பெறாமல் அச்சிட்டவர்களும் இருந்தனர்.

மூன்றாவது: வட்ட வட்டமாகப் பதக்கங்கள் உள்ளனவா? அவை வீரப் பதக்கங்கள் அல்ல. பொருட்காட்சிகளில் நிலையம் பெற்ற பரிசுகள். லண்டன் 1862, பாரிஸ் 1867, பாரிஸ் 1878 என்று ஆண்டு இருக்கும். கடைசி ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது.

நான்காவது: எழுத்துகள் என்ன சொல்கின்றன? அரைகுறையாக நிற்கும் சொற்களை விட்டுவிடாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது: கையெழுத்து ஏதேனும் உண்டா? எண் மட்டும் இருந்தால் அது நிலையத்தின் தகட்டு எண். மறுபடி படி எடுக்க வேண்டுமானால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணைத் தவிர வேறு எது எழுதியிருந்தாலும் அதைப் பொன்னாக மதியுங்கள்.

மூன்று தலை யானை

இனிப் பெரியவரின் அட்டைக்கு வருவோம். என் ஐந்து கேள்விகளையும் அதனிடமே கேட்டேன்.

பழைய ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்தெடுத்ததால், கறுப்புத் தாள் அட்டையின் கீழ்ப்பாதியில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கிடந்தது. நிலையத்தின் பெயர் அதற்குள் மறைந்துவிட்டது. சின்னம் ஒரே பழுப்பு மையில், நடுக்கோட்டில், அட்டையோடு சேர்ந்தே அச்சாகியிருந்தது. முதற்கேள்வியிலேயே எனக்கு நெஞ்சு கனத்தது.

கேடயம் மூன்று கூறாகப் பிரிந்திருந்தது. மேற்கூற்றில் மூன்று தலை கொண்ட யானை. கீழே ஒருபுறம் ஒற்றை யானை; மறுபுறம் அந்த இரண்டு கிரிஸ் வாள்கள். மேலே கூம்பி உயர்ந்த மகுடம். தாங்கிகளில் ஒன்று சிங்கம் போன்ற உருவம். மற்றொன்று சிங்க உடலில் துதிக்கை கொண்ட விசித்திர விலங்கு. இருபுறமும் அடுக்குக் குடைகள். எந்த மலாய் சுல்தானின் சின்னத்திலும் மூன்று தலை யானை நிற்க நான் கேள்விப்பட்டதில்லை. நம் நாட்டவர் ஐராவதம் என்று சொல்லும் யானையன்றோ அது?

விடை கிடைத்தது நூலகத்தில் அன்று. பழைய நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவரின் வீட்டில். கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டியதும், அவர் உள்ளே சென்று ஒரு வெள்ளி நாணயத்தைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒருபுறம் மன்னர் முகம். மறுபுறம் இதே கேடயம், இதே குடைகள், இதே விலங்குகள்! சயாம் நாட்டு நாணயம். மன்னர் சூலலங்கோர்ன். ஐந்தாம் ராமா என்று வரலாறு கூறும் இவர் 1868 முதல் 1910 வரை ஆண்டவர்.

சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. ஐரோப்பிய முறையைத் தழுவி இம்மன்னர் காலத்தில், 1873-ல், அமைத்துக்கொண்ட அரச சின்னம் அது. மூன்று தலை யானை சயாமையும், ஒற்றை யானை அதன் கீழிருந்த லாவோஸ் பகுதியையும், கிரிஸ் வாள்கள் அதற்குத் திறை செலுத்திய மலாய்ப் பகுதிகளையும் குறித்தன. ஆக, கிரிஸ் இருந்தது மெய். அது மலாய் மக்களைக் குறித்ததும் மெய். சின்னத்தின் உரிமையாளர்தான் சுல்தான் அல்லர். 1910-க்குப் பின் அடுத்த மன்னர் காலத்தில் கருடச் சின்னம் அதன் இடத்தைப் பெற்றது. எனவே அட்டை 1873-க்கும் 1910-க்கும் இடைப்பட்டது என்பதும் உறுதியாயிற்று.

பிறகு எழுத்துகளைப் பார்த்தேன். 'கிங் ஆஃப்' என்பதோடு கறுப்புத் தாள் மறைத்துவிட்டது. அதற்கு மேல்வரியில், தாளின் கிழிந்த ஓரத்தில் மங்கலாகச் சில எழுத்துகள் எஞ்சியிருந்தன. கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். '...ராஃபர்ஸ் டு'. அவ்வளவே. சயாம் மன்னரின் புகைப்படக்காரர்கள் என்பதுதான் அந்த வாசகம். அடியில் சிங்கப்பூர் என்று இருந்தது. 1867-ல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பர்ட் நிலையம் தன்னை இவ்வாறே சயாம் மன்னரின் புகைப்படக்காரர் என்று குறிப்பிட்டுக்கொண்டது. அக்காலத்தில் அப்பகுதியில் மிகப் பெயர் பெற்ற நிலையம் அது.

கோப்பையும் எழுதுகோற் பெட்டியும்

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறைத்துவிடலாமா என்று ஓர் எண்ணம் தோன்றியதை உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. எழுபத்தெட்டு வயதில் ஒருவர் மகிழ்ந்திருப்பதைக் கெடுப்பானேன்? 'தெரியவில்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேட்டில் யானை ஏறிவிடும். யாருக்கு என்ன நட்டம்? ஆயினும், அந்த முத்திரையைக் காட்டி ஒரு தையற்காரரின் மகன் தாழ்ந்தவனாக்கப்பட்டானே என்ற நினைவு குறுக்கே வந்து நின்றது.

அப்போது கல்லூரியில் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1250 முதல் 1517 வரை எகிப்தையும் ஷாமையும் ஆண்ட மம்லூக்குகளிடமும் சின்னங்கள் இருந்தன. 'ரன்க்' என்று அதற்குப் பெயர். சுல்தான் பைபர்ஸின் சிங்கம் பெயர் பெற்றது. கெய்ரோவின் பழைய கட்டடச் சுவர்களிலும், பள்ளிவாசல்களில் தொங்கிய கண்ணாடி விளக்குகளிலும், பித்தளைத் தட்டுகளிலும் இச்சின்னங்களை இன்றும் காணலாம். லியோ மேயர் என்னும் அறிஞர் 1933-ல் இவற்றைத் தொகுத்துத் தனி நூலே வெளியிட்டார்.

அச்சின்னங்கள் காட்டியவை எவை தெரியுமா? கோப்பை வரைந்திருந்தால் அவர் சுல்தானுக்குப் பானம் பரிமாறியவர். சதுரத் துணி இருந்தால் ஆடை அறையைக் கவனித்தவர். வாள் இருந்தால் ஆயுதம் ஏந்தி உடன் நின்றவர். எழுதுகோற் பெட்டி இருந்தால் செயலர். வளைந்த கோல்கள் இருந்தால் சுல்தானின் போலோ மட்டைகளைச் சுமந்தவர். மம்லூக் என்றாலே பிறருக்கு உடைமையானவர் என்று பொருள். அவர்கள் அமீர்களாக உயர்ந்து மாளிகைகளும் மதரஸாக்களும் கட்டியபோதும், தாம் முன்பு செய்த ஊழியத்தின் சின்னத்தையே வாசலில் பொறித்துக்கொண்டனர். பானம் ஊற்றிய கையை மறைக்க அவர்கள் முற்படவில்லை.

பெரியவரின் அட்டையில் இருந்த சின்னமும் ஒரு தொழிலாளியின் பெருமைதான். புகைப்படத் தொழில் செய்த ஒருவர், 'என் வேலையை ஒரு மன்னர் ஏற்றார்' என்று அச்சிட்டுக்கொண்டது. அதை நாம் குலப்பெருமையாக்கிக்கொண்டோம். குலத்தைக் காட்டி மனிதரை அளப்பதைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஓரத்தில் ஒரு வரி

ஐந்தாவது கேள்வி மிச்சமிருந்தது. அட்டையின் இடப்புற ஓரத்தில், நெட்டாக, பென்சிலால் எழுதிய சில வரிகள் இருந்தன. அரபு எழுத்துகள். வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் பார்த்தும் பொருள் விளங்காததால் ஏதோ துஆ என்று எண்ணியிருக்கிறார்கள். பச்சைத் துணியில் சுற்றி வைத்ததற்கும் அதுவே காரணம்.

அது அரபியன்று, அரபுத் தமிழ்! அரபு எழுத்தில், கூடுதல் புள்ளிகள் இட்ட எழுத்துகளையும் சேர்த்து, தமிழை எழுதும் நம் முன்னோரின் வழக்கம். நம் பாட்டிமார் கடிதம் எழுதியது அதில்தான். குறியீடுகள் இடாத அவசரக் கையெழுத்து. இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. முடிவில் இவ்வளவு தேறிற்று:

'உம்மாவுக்கு. உங்கள் துஆ பரக்கத்தால் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. நிற்பதைப் பாருங்கள். தொங்கானில் வேலை. கோட்டு இரவல். அழ வேண்டாம்.'

தொங்கான் என்பது துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றிச்செல்லும் படகு. அட்டையைத் திருப்பினேன். அதுவரை நானும் முன்புறத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அக்காலத்துப் படங்களில் நிற்பவர்கள் நாற்காலியின் முதுகையோ மேசையையோ பற்றியிருப்பார்கள். இவரருகிலும் நாற்காலி இருக்கிறது. இவர் அதைத் தொடவில்லை. தோளில் பொருந்தாத கோட்டு, கீழே சாரம், வெறுங்கால்கள் சற்று அகன்று, உடல் முழுவதும் இரு கால்களில் ஊன்றி, நேராக நிற்கிறார். கடலுக்கு அப்பால் ஒரு தாய் பார்ப்பதற்காக நின்ற நிற்பு அது.

வாரம் முடிந்ததும் பெரியவரின் வீட்டுக்கு நானே சென்றேன். நாணயத்தைக் காட்டினேன். எழுத்துகளைக் கண்ணாடி வைத்துக் காட்டினேன். அவர் குறுக்கே பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "எங்கள் வாப்பா சொன்னதெல்லாம் பொய்யா, ஆலிம்சா?" என்று கேட்டார்.

"பொய்யில்லை மாமா. அவர்களால் படிக்க முடிந்ததைப் படித்திருக்கிறார்கள். படிக்க முடியாமல் விட்டது இது" என்று சொல்லி, அந்த வரிகளைப் படித்துக்காட்டினேன்.

'கோட்டு இரவல்' என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அட்டையை வாங்கி, முன்புறத்தைத் திருப்பி, அந்தக் கால்களை விரலால் தடவினார். உள்ளேயிருந்து பேத்தியை அழைத்து, "இங்கே வா, உன் ஓட்டனாரைப் பார்" என்றார்.

கேட்டில் யானை ஏறவில்லை. நிக்காஹ் பத்திரிகையிலும் முத்திரை வராது. அந்தப் பழைய சம்பந்தம் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். பெரியவரே ஆள் அனுப்பி விசாரித்தார். பையனுக்கு வேறிடத்தில் நிச்சயமாகி இருந்தது. எல்லாத் தவறுகளும் திருத்தக் காத்திருப்பதில்லை. அந்தத் தையற்காரரின் கடைக்குத் தாமே நடந்து சென்று, 'அன்று நான் சொன்ன காரணம் சரியில்லை' என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பின்னர் என்னிடம் கூறினார். இதை எழுதும்படி என்னைப் பணித்தவரும் அவரே.

உங்கள் வீட்டுப் பெட்டியில்

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டிய படத்தை இழுத்துப் பிய்க்காதீர்கள். ஒட்டிய தாளை நீரில் நனைத்து எடுக்க முயலாதீர்கள். படமும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்வதும் வேண்டாம். பின்னர் பிரிக்க இயலாது. இரு புறமும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பலர் முன்புறத்தை மட்டுமே எடுக்கிறார்கள். மூத்தவர்களிடம் பெயரைக் கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறத்து ஓரத்தில் மெல்ல எழுதுங்கள். பேனா மை மறுபுறம் ஊறக்கூடும். ஓரத்தில் அரபு எழுத்தில் ஏதேனும் இருந்து பொருள் விளங்காவிட்டால், தமிழாகப் படித்துப் பாருங்கள். அரபுத் தமிழ் தெரிந்த முதியவர்கள் ஊருக்கு ஒருவர் இருவராவது இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முத்திரை யாருடையதாகவும் இருக்கட்டும். படத்தில் நிற்பவர் உங்களுடையவர். அவர் யாருக்காக நின்றார் என்று தேடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.